சாமிக்கு ஊற்றிய பாலைக் காய்ச்சுவது

மூன்றாம் வகுப்போடு நின்றாலும், சொந்த உழைப்பில் காய்கறி லாரிகளுக்கு முதலாளியானவன் நான். கார் பட்டறையில் கிடந்ததால், அன்று மலையூரான பிரிஞ்சாங்கிலிருந்து அடுத்த ஊரான தானா ராத்தாவுக்குப் பேருந்தில் போனேன். முன் இருக்கையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“சாமிக்கு ஊத்துன பாலயா காய்ச்சச் சொல்ற? கிறுக்கு புடிச்சிருச்சாடி?” என்றாள் மூத்தவள்.

“எங்க வீட்டுக்காரருக்கு டிபின்னு சொல்லிட்டாங்கக்கா. எங்க மாட்டுக்கும் இருக்கான்னு சோதிக்கிறாங்க. இருந்தா பச்சப் பால்ல பரவுமாம்.”

“மாட்டுக்கிட்டேருந்து மனுசனுக்கா?”

“மனுசன்கிட்டேருந்து மாட்டுக்கும் போகுமாம். அவரு இருமிக்கிட்டேதான கறந்தாரு! பச்சப் பால் குடிக்கிற நாய்க்குக்கூட வரலாமாம்.”

“அப்ப வெள்ளிக்கிழம அபிசேகம்?”

“எங்க மாட்டுப் பால் வேணாம். வேற வீட்டுப் பால சாமிக்குப் பச்சையாவே ஊத்தட்டும். தீர்த்தம்னு புள்ளைங்க கையில ஊத்துறத மட்டும் கொதிக்க வச்சுதான் குடுக்கணும்.”

“கோயில் தலைவரு சாமி குத்தம்னு குதிப்பாருடி.”

“குதிக்கட்டும்லா. அடுப்பயும் சட்டியயும் தூக்கிட்டு வந்து கோயில் வாசல்லயே உக்காந்துருவேன்.”

மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

“என் பேரனும் உங்க மாட்டுப் பாலக் கை நீட்டி வாங்கிக் குடிச்சான்டி.”

“அதான்க்கா சொல்றேன். அவனையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.”

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இளையவள் இறங்கினாள். சந்தைக்கு டிக்கெட் எடுத்திருந்த மூத்தவளும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.

“உன் சட்டி பத்தாதுடி. எங்க வீட்டு அண்டாவ எடுத்துட்டு வரேன்.”