தவலையில் இருந்த பெயர்

பூங்காவனத்தின் தேத்தண்ணீரில் சீனி போடலாமா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சீனி கிடைக்காத காலம். அழுகிறவளுக்குக் கொடுத்தால் ருசி தெரியாது. போடவில்லை. எங்கள் கடையில் குப்பை அள்ளும் பொன்னுதுரையின் மனைவி அவள்.

என் பெயர் நஜ்முன்னிசா. காஜா பேராங்கில் எங்கள் பழைய இரும்புக் கடை இருக்கிறது. என் கணவர் தாவூத் மௌத்தானபின் நான் நடத்தினேன். ஜப்பான்காரர்கள் வந்தபின் அவர்கள் நடத்துகிறார்கள். நான் பிரித்துப் போடுகிறேன். செம்பு ஒரு பக்கம், பித்தளை ஒரு பக்கம், துருவும் சாம்பலும் மூலையில் குப்பையாக. ஜப்பான்காரர்கள் எதையும் வீணாக்காதவர்கள். முதலில் ஜன்னல் கம்பிகளை எடுத்தார்கள், பிறகு சமையல்கட்டுக்கு வந்தார்கள். ஆசியாவின் விடுதலைக்கு எங்கள் குடங்கள் தேவைப்பட்டன.

என் கல்யாணத் தவலையை மட்டும் நான் கொடுக்கவில்லை. என் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டி உம்மா கொடுத்தது. குப்பைக் குவியலுக்கடியில் புதைத்துவைத்தேன். துருவை யார் கிளறப்போகிறார்கள்? கிளறினார்கள். துருவும் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

அதிகாரி தவலையை மேசைமேல் வைத்தான். புள்ளிகளைத் தடவிக்கொண்டே, "நாமா சியாப்பா?" என்றான். யார் பெயர் என்று மலாய் மொழியில் கேட்கிறான். கடையில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ரப்பர் தோட்டத்திலிருந்து பிழைக்க வந்த பொன்னுதுரை, குப்பைக் கூடையோடு வாசலில் நின்றான்.

"பொன்னுதுரை" என்று படித்தேன்.

அவன் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். தன் பெயரை எழுத்தில் பார்த்ததே இல்லையாம். "எம்பேரு இம்புட்டு நீளமாக்கா?" என்றான். முகத்தில் சந்தோஷம்கூட இருந்தது. அப்புறம்தான், "ஆனா இது என்னோடது இல்லியே. வேற பொன்னுதுரை யாரும் இருக்கானா?" என்றான். என்னிடம்தான் கேட்டான். அதற்குள் இரண்டு சிப்பாய்கள் வந்துவிட்டார்கள்.

என்னைத் தவறாக நினைக்கக்கூடாது. பிரிப்பது என் தொழில். எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவனுக்கு ஒரு மனைவி மட்டும். எது உருகினால் நஷ்டம் குறைவு என்று பார்த்துத்தானே ஒதுக்க வேண்டும்? ஒருவிதத்தில் அவனுக்கு நான் நல்லதும் செய்திருக்கிறேன். அதுவரை அவனுக்கு எழுத்தில் பெயரே இல்லை.

"வெள்ளிக்கெழம அவர சயாம் ரயில் பாதை போடுற வேலைக்கு ஏத்துறாங்களாம், அக்கா" என்றாள் பூங்காவனம். "போனவங்க ஒருத்தரும் திரும்பல."

"அங்க சோறு போடுறாங்கன்னு சொல்றாங்களே."

"அப்ப நீங்க போறீங்களா?" என்றாள். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. பழைய தவல, எழுத்து தேஞ்சிருக்கும். ஒரே ஒரு தடவ வந்து மறுபடி படிச்சுப் பாருங்க. நீங்க சொன்னா அந்த அதிகாரி கேப்பான்."

தவலை இன்னும் அந்த மேசைமேல்தான் இருக்கிறது. எழுத்து தேயவில்லை. வாரம் தவறாமல் புளி போட்டு, எழுத்துக்கு நோகாமல் தேய்த்தவள் நான்.

கையை விடுவித்துக்கொண்டு அவள் தலையைத் தடவினேன். "மாத்திப் படிக்க முடியாது, பூங்காவனம்" என்று மெதுவாகச் சொன்னேன்.

படித்தவர்களே பொய் சொன்னால், படிக்காதவர்கள் யாரைத்தான் நம்புவார்கள்?