பள்ளம்னுதான் கத்தினேன்

இல்ல சார், எனக்கு ஒண்ணுமில்ல. முழங்கையில தோல் மட்டும் போயிருக்கு. நீங்க உக்காருங்க. அந்த நாற்காலிக்குக் கால் ஆடுது, பாத்து. பம்ப்பை அப்படி ஓரமாத் தள்ளிட்டு உக்காருங்க. கேளுங்க, சொல்றேன்.

ஆமா, ரேஸ்ல நான் முன்னாடி போயிட்டிருந்தேன், அவரு பின்னாடி. யாரா, உங்க சாம்பியன்தான். எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறீங்க, நானும் அப்படியே சொல்லிட்டுப் போறேன். கால் எப்படி இருக்காம்? தொடை எலும்பா? அடப்பாவமே. இல்ல சார், நான் எங்க சிரிச்சேன்? மருந்து எரியுது, அதான் மூஞ்சி இப்படிப் போகுது.

என்ன சொல்றாராம்? பள்ளத்தைப் பாத்துட்டு நான் சுத்தம்னு, வழி சமம்னு கத்தினேன்னா? ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே சொன்னாரா? பாத்தீங்களா, தொடை ரெண்டா போயும் நாக்கு மட்டும் சேதாரமில்லாம இருக்கு. மேட்டு மேல கொடி புடிச்சிட்டு ஒரு அம்மா நின்னாங்களே, அவங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க. ஓ, கேட்டுட்டீங்களா? என்ன சொன்னாங்க? பள்ளம், சின்ன கியர், பள்ளம்னு தொண்டை கிழியக் கத்தினேன்னு சொன்னாங்களா? அப்புறம் என்ன சார், முடிஞ்சு போச்சே.

முடியலையா.

சரி, புரியுது. அவ்வளவு கத்தியும் அந்த மனுஷன் ஏன் பெரிய கியர் போட்டாரு, அதானே உங்களுக்கு இடிக்குது? வண்டியைத் தூக்கிட்டு வந்தப்ப நானும் பாத்தேன். பெரிய கியர் போடக் குதிகாலால தட்டற வலது பக்கத்துப் பட்டன் உள்ள போயிருந்துச்சு. குதிகால் தானா பட்டிருக்குமான்னா கேக்கறீங்க? சார், தப்பா நினைக்காதீங்க, நீங்க ரெண்டு சக்கர ரேஸ் நடத்திட்டு இந்தப் பக்கம் வந்தவரு. ஒத்தச் சக்கரத்துல ஒரு நாளாவது ஏறி உக்காந்து பாத்திருக்கீங்களா? இதுல செயின் கிடையாது, பிரேக்கை நம்பி ஒண்ணும் பண்ண முடியாது. சக்கரம் சுத்தினா பெடலும் சுத்தும், நம்ம காலும் கூடவே சுத்தும். சின்ன கியர்ல கால் ஒரு சுத்து, சக்கரமும் ஒரு சுத்து. பெரிய கியர்ல கால் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் ஒண்ணரைச் சுத்து ஓடிடும். சமதளத்துல பறக்கலாம். கல்லு மேல அதைப் போட்டா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது, மூஞ்சிலதான் போய் இறங்கணும். அதனால கல்லுல இறங்கறவங்க எல்லாரும் குதிகாலை வெளிப்பக்கமாத் திருப்பி வெச்சுத்தான் ஓட்டுவோம், தெரியாம பட்டனைத் தட்டிடக் கூடாதுன்னு. புதுசா வர்றவங்களுக்கே அது பழக்கமாயிடும். அவரு காலாவது, தானா தட்டறதாவது.

தட்டினாரு. வேணும்னுதான் தட்டினாரு.

ஏன்னு கேட்டா? என்னைக் கேட்டா எப்படி சார், அவரு மண்டைக்குள்ள நானா உக்காந்திருந்தேன்? டீ ஆறுது, குடிங்க.

முன்னாடி போறவங்க தரையைச் சொல்லணும்கறது எங்க கூட்டத்துல ஒரு வழக்கம். நீங்க வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. பின்னாடி வர்றவனுக்கு முன்னாடி போறவன் முதுகுதான் தெரியும், தரை தெரியாது. அதனால கல்லு வந்தா கல்லுன்னு கத்தணும், வேர் வந்தா வேருன்னு கத்தணும். சுத்தம்னா, இனிமே சமதளம், தைரியமாப் பெரிய கியர் போடுன்னு அர்த்தம். போட்டி எல்லாம் அப்புறம். அடுத்த நிமிஷம் என்னையே முந்திட்டுப் போகப் போறவனா இருந்தாலும், அவனுக்கும் உண்மையைத்தான் கத்தணும். வீட்டுல புருஷன் பொண்டாட்டி பேச்சை நம்பறோமோ இல்லையோ, மலையில முன்னாடி போறவன் குரலை நம்பித்தான் காலைத் தூக்கி வெக்கறோம். அதுல போய் ஒருத்தன் பொய் சொன்னான்னா அவனை என்ன சார் பண்ணலாம்?

நான் பொதுவாத்தான் கேட்டேன்.

போன வருஷம் இதே மேட்டுக்கு அந்தாண்ட ஒரு பையன் விழுந்தானே, ஞாபகம் இருக்கா? ஒல்லியா, மஞ்சள் ஹெல்மெட். ஞாபகம் இல்லாமப் போகுமா, இந்த ரூம்ல, இதே மேஜையிலதானே உக்காந்து விசாரிச்சீங்க. அன்னிக்கு முன்னாடி போனவரு நம்ம சாம்பியன். பையன் இறக்கத்துல நல்லா ஒட்டிட்டு வந்துட்டான். இன்னும் கொஞ்ச தூரம் போனா முந்திடுவான். அதுவரைக்கும் சாம்பியன் கல்லு, வேர் எல்லாம் ஒழுங்காத்தான் கத்திட்டு வந்தாரு. மேடு ஏறினதும் சுத்தம்னு கத்தினாரு. பையன் பட்டனைத் தட்டினான். அந்தாண்ட ஒரு ஆளே படுத்துக்கலாம், அவ்வளவு பெரிய பள்ளம். இவரு அதை ஓரமாத் தாண்டிப் போய்க் கோப்பையை வாங்கிட்டாரு.

அன்னிக்குக் கொடி புடிக்க அங்க ஒருத்தரும் இல்ல. இவரு நாக்குக் கூசாம என்ன சொன்னாரு? நான் பள்ளம்னுதான் கத்தினேன், பையன் ஆசையில கேக்கலன்னாரு. நீங்களும் தலையாட்டிட்டீங்க. முன்னாடி போறவன் கத்தினதைக் கேக்காதது ஓட்டினவன் குத்தம்னு மைக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க. இடுப்பும் போச்சு, மானமும் போச்சு அவனுக்கு. இப்பவும் மாடிப்படி ஏறணும்னா உக்காந்து உக்காந்து, பின்பக்கமாத்தான் ஏறறான். யாராவது பாக்கறாங்களான்னு முதல்ல ஒரு தடவை பாத்துக்குவான். கூட ஓட்டினவங்க ஒருத்தன் வீட்டுப் பக்கம் வரல. கேட்டா, அவசரக் குடுக்கை, சாம்பியன் சொல்லியும் கேக்கலையாமேங்கறாங்க. எனக்கு அந்த இடுப்பு கூடப் பெருசில்ல சார். ராத்திரி சோத்துத் தட்டை முன்னாடி வெச்சுக்கிட்டு, ஒருவேளை எனக்குத்தான் சரியாக் கேக்கலையோக்கான்னு அவன் என்னைக் கேப்பான் பாருங்க, அதான் சார் பெருசு.

ஆமா. என் தம்பிதான்.

உங்களுக்கு எப்படித் தெரியும், நான் அப்ப வெளியூர்ல வேலையில இருந்தேன். ஆபரேஷன் முடிஞ்சப்புறம்தான் வந்து சேர்ந்தேன். சாம்பியனுக்கும் என்னைத் தெரியாது. ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு ஆரஞ்சுப் பழம் கூட வாங்கிட்டு வரல அந்தப் பெரிய மனுஷன்.

அதுக்கப்புறம்தான் தம்பி வண்டியை எடுத்தேன். கோணிப்போன சக்கரத்தை நிமித்தி, சீட்டை என் உயரத்துக்கு இறக்கி, சுவத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் ஆரம்பிச்சேன். தம்பி கட்டில்ல படுத்துக்கிட்டே முதுகை வளைக்காதக்கா, முதுகை வளைக்காதக்கான்னு கத்துவான். எப்படியோ கத்துக்கிட்டேன். கத்துக்கிட்டு, வேற எங்கயும் போகல, சாம்பியன் பழகற இடத்துக்கே போய் நின்னேன். நல்லாத்தான் பேசினாரு. ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு பேரும் ஒண்ணா இறங்குவோம். நான் முன்னாடி, அவரு பின்னாடி. ஒரு தடவை கூட நான் தப்பாக் கத்தினதில்ல. உன் குரலைக் கேட்டா கண்ணை மூடிட்டு இறங்கலாம்னு நாலு பேர் முன்னாடி சொன்னான் சார், அவன் வாயால.

சரி சார், அவரு. அவரு வாயால.

என்ன, திட்டம் போட்டேனா? அந்தப் பள்ளத்தை நானா வெட்டினேன்? போன வருஷப் பள்ளத்தை மண்ணைக் கொட்டி மூடினது நீங்க. நேத்துப் பழகிப் பாத்தப்பக் கூடச் சமமா இருந்துச்சு, அவரும் பாத்தாரு, நானும் பாத்தேன். ராத்திரி அடிச்ச மழையில மண்ணு அத்தனையும் இறங்கிப் போகும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? மேட்டு மேல ஏறினதும் பாக்கறேன், ஆன்னு வாயைத் திறந்துக்கிட்டு அதே இடத்துல கிடக்குது. இங்க ஒரு உண்மையைச் சொல்றேன், வேணும்னா என் தலையில கட்டுங்க. சுத்தம்கற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வந்துச்சு சார். முழுங்கிட்டேன். நானும் அதைக் கத்திட்டா அப்புறம் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? பள்ளம்னு கத்தினேன். ஒரு தடவை இல்ல, திரும்பத் திரும்பக் கத்தினேன். கத்திட்டு ஓரமா இறங்கி, ஒரு புதர்ல கையைத் தேச்சுக்கிட்டு, எப்படியோ தாண்டிட்டேன். பின்னாடி டக்குன்னு ஒரு சத்தம், பட்டன் உள்ள போற சத்தம். அப்பதான் எனக்கே தெரிஞ்சுது, தட்டிட்டான்னு. திரும்பிப் பாக்கல. ஒத்தச் சக்கரத்துல திரும்பிப் பாக்க முடியாது சார்.

என்ன கேட்டீங்க? அவனுக்குத் தெரியுமாவா, நான் அக்காங்கறது?

தெரியாது. இன்னிக்குக் காலையில வரைக்கும் தெரியாது.

கோட்டுல வரிசையா நிக்கறோம். அவன் எனக்குப் பக்கத்துல, வேலியைப் புடிச்சுக்கிட்டு சீட்டுல ஏறிட்டான். நீங்க விசிலை வாயில வெச்சுட்டீங்க. நான் ஹெல்மெட் வாரை மாட்டிக்கிட்டே அவன் பக்கம் சாஞ்சு, மஞ்சள் ஹெல்மெட் பையன் என் கூடப் பொறந்த தம்பிங்க, உங்களை ரொம்ப விசாரிச்சான்னேன். சிரிச்ச முகமாத்தான் சொன்னேன். அவன் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க ஊதிட்டீங்க.

அவ்வளவுதான் சார் நான் பண்ணினது. அதுக்கப்புறம் வழி நெடுக உண்மையத்தான் கத்திட்டுப் போனேன். அவனும் ஒவ்வொண்ணா சரி பாத்துக்கிட்டே வந்திருப்பான், இவ எந்த இடத்துல பொய் சொல்லப் போறான்னு. எந்த இடம்னு அவனுக்குத் தெரியாதா என்ன? அவனே பொய் சொன்ன இடமாச்சே. நேத்துதான் சமமாப் பாத்த இடம் வேற, பள்ளம்னா நம்புவானா?

எழுந்துட்டீங்களா? மைக்குக்கிட்டயா? போங்க சார், போய்ச் சொல்லுங்க. புதுசா எதுவும் யோசிக்க வேண்டாம், போன வருஷம் சொன்னதையே சொல்லுங்க. என்ன ஒண்ணு, கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்லுங்க. தம்பி வெளிய வேன்ல உக்காந்திருக்கான், அவன் காதுல விழணும்.