பன்னிரண்டே முக்கால் மணி

எனக்கு யாரையும் அதட்டிப் பழக்கமில்லை, சார். பதினொரு வருடமாகத் தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். நாற்பது பெண்களில் ஒருத்தியையாவது 'ஏய்' என்று கூப்பிட்டிருப்பேனா, கேட்டுப் பாருங்கள்.

பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வரை சாப்பாடு. அந்த அரை மணிக்குச் சம்பளம் கிடையாது. கைபேசி, கைக்கடிகாரம் எல்லாம் காலையில் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவோம். உள்ளே இருப்பது ஒரே சுவர்க் கடிகாரம்; அதைப் பார்த்து நான்தான் மணி அடிப்பேன். எல்லோரும் கைகழுவப் போனதும் முள்ளைப் பத்து நிமிடம் முன்னே தள்ளுவேன். மூன்று மணி வாக்கில், மெஷின் சத்தத்தில் யாரும் நிமிராத நேரம் பார்த்துப் பின்னே இழுத்துவிடுவேன். சாயங்காலம் ஆறு என்றால் சரியாக ஆறுதான். சம்பளம் இல்லாத நேரத்தில்தான் எடுத்தேன். சம்பள நேரத்தில் கை வைத்ததே இல்லை.

போகப் போகப் பத்து, பதினைந்தானது.

பொத்தான் தைக்கிற பெண்ணுக்கு நாலு மாதக் குழந்தை. புருஷன் தினமும் மதியம் கேட்டுக்குத் தூக்கி வருவான். இவள் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பால் கொடுப்பாள். ஒரு நாள் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், ஒரு பக்கம் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மணி அடிச்சிடுது. முன்னெல்லாம் ரெண்டு பக்கமும் குடிச்சிட்டுத் தூங்கியே போயிடும்."

"மணி என்னம்மா பண்ணும்? குழந்தைதான் மெதுவா குடிக்குது போல. எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிடு" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. குழந்தையும் கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தது, அதனால் நம்பிவிட்டாள். அரை நாள் லீவு கொடுத்தேன். சம்பளப் பிடித்தம் உண்டு, அது கம்பெனி விதி.

என் நல்லெண்ணமே எனக்கு வினையாயிற்று. டாக்டர், "எத்தனை நிமிஷம் குடிக்குதுன்னு குறிச்சிட்டு வாங்க" என்றிருக்கிறார். புருஷன்காரன் கேட்டில் நின்று கைபேசியைப் பார்த்துக் குறித்தான். மூன்று நாளும் பன்னிரண்டே முக்காலுக்கே மணி.

நாலாம் நாள் மணி அடித்தேன். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. பொத்தான்காரி வாசல்படியிலேயே உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கால் மணி இருக்கு சார். நீங்களும் உக்காருங்க" என்றாள்.

எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு நாற்பது பேரும். அப்புறம்தான் உங்கள் லேபர் ஆபீஸுக்கு மனு வந்தது. குழந்தை இப்போது தேறிவிட்டதாம். நல்லது.

முதலாளி சொல்லிச் செய்தாயா என்கிறீர்கள். பாவம், அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் இதில் ஒரு காசு கூடுதலாக வரவில்லை. முதல் நாள் அது கை தவறி நடந்தது. பேட்டரி மாற்றும்போது முள் நகர்ந்துவிட்டது. தெரியாமல் மணி அடித்தேன். நாற்பது பேரும் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டு எழுந்தார்கள். என் வீட்டில் நான் கூப்பிட்டால் பூனைகூடத் திரும்பாது.

தப்பு தெரிந்ததும் திருத்த ஸ்டூல் வரை போனேன். அப்புறம் திரும்பி வந்து என் டப்பாவைத் திறந்தேன். அன்றைக்குப் போல எனக்குப் பசித்ததே இல்லை, சார்.