பயத்துக்குக் கழுத்தில் ஓர் ஊசி

சைதாப்பேட்டையிலிருந்து பெசன்ட் நகர் செல்லும் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் அமர்ந்திருந்தனர். மழை தொடங்கியதும் இளையவள் பதறி எழுந்து ஜன்னல் ஷட்டரை இறக்கப் போனாள்.

“வுடு செல்வி, தொறந்தே கெடக்கட்டும்.”

“இன்னாக்கா, மழ சத்தம் கேட்டாலே நடுங்குவியே!”

“அதுக்குத்தான் கழுத்துல ஊசி போட்டாங்க.”

“பயத்துக்குக் கழுத்துல ஊசியா?”

“அங்க இருக்கிற, பயத்த கெளப்புற நரம்ப கொஞ்ச நேரம் மரத்துப்போக வெக்கிறாங்களாம். எல்லாருக்கும் இந்த ஊசி கேக்காதுன்னு டாக்டரே சொன்னாரு. அந்த மருந்துல அன்னிக்கு ஒரு கண்ணு பாதி மூடிக்கினே இருந்துச்சு. ‘யாரப் பாத்துக் கண்ணடிக்கிற’ன்னு நர்சம்மா ஒரே கிண்டல்.”

செல்வி வியப்புடன் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தயங்கிக் கேட்டாள்: “வெள்ளத்துல அடிச்சிக்கினு போன மாமா நெனப்பும் சேந்து போயிடுச்சாக்கா?”

“அப்பிடி ஆயிடுமோன்னுதான் ரொம்ப நாளு வோணாம்னுட்டேன். போவல செல்வி. முன்னல்லாம் மழ பேஞ்சா அந்தத் தண்ணி மட்டுந்தான் கண்ணு முன்னால வரும். இப்ப அவரு வராரு.”

“வந்து?”

“வந்து இன்னா, ‘கொடைய எங்கடி வெச்ச’ன்னு கத்துறாரு.”