சட்டை முதுகில் என் பெயர்

மைதானத்தில் விற்கிற தேநீரை வாயில் வைக்க முடியாது. அதனால் என் மகன் ஜூலியஸின் ஆட்டங்களுக்கு நான் பிளாஸ்கில் வீட்டுத் தேநீர் கொண்டுபோவேன். அன்றும் கொண்டுபோனேன். நல்ல இஞ்சி போட்ட தேநீர், பாதிகூடக் குடிக்காமல் வீணாகிப் போனது.

நீங்கள் விசாரணைக்காரர், சந்தேகப்படுவது உங்கள் தொழில். ஆனால் நீங்கள் என்னைச் சந்தேகிப்பதற்கு வெகு முன்பே நான் எல்லோரையும் சந்தேகித்தவன். என் மகன் பல்கலைக்கழகக் காற்பந்து அணியின் குவாட்டர்பாக். உதைக்கிற காற்பந்து இல்லை, கையால் எறிகிற பந்து. அதை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன் அவன். எங்கள் ஆட்களில் அந்த இடத்துக்கு வந்த இன்னொருவனை நான் கேள்விப்பட்டதில்லை. நான்கு வருடங்களில் அவன் எறிந்த மொத்தத் தூரம் பழைய சாதனையை எட்டிப் பிடிக்க ஒரே ஒரு நல்ல எறிதான் பாக்கி. அப்படி நிற்கிறவனைப் பார்த்து யாருக்குத்தான் வயிறு எரியாது? அவனுக்குப் பதிலாக ஆடக் காத்திருந்த பையனின் தகப்பன், அணியின் டொக்டரோடு எப்போதும் சிரித்துச் சிரித்துப் பேசுவார். என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாதா? டொக்டரான அந்தப் பெண் ஒரு சொல் சொன்னால் ஜூலியஸ் ஆடாமல் வெளியே வாங்குப் பலகையில் உட்கார வேண்டியதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கப்படி தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் குடும்பப் பெயர். ஆகவே அவன் சட்டையின் முதுகில் 'கஸ்பர்' என்றிருக்கும். ஒலிபெருக்கியிலும் கஸ்பர்தான். இந்த நாட்டுக்கு வந்து முதலில் சென் ஜேம்ஸ் ரவுண் பக்கம் இறங்கி, ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு டோர்செட் பார்க்கில் மாடிக் கட்டடம் துடைத்தவன் நான். வேலையிடத்தில் ஒருவரும் என் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டதில்லை. அங்கே ஒரு மைதானமே எழுந்து நின்று கூப்பிட்டது. இதை ஒரு தகவலுக்காகத்தான் சொல்கிறேன்.

அன்றைய ஆட்டத்துக்கு ஒரு கிழமை முந்தி நடந்த ஆட்டத்தில் அவன் தலையில் ஓர் அடி வாங்கியிருந்தான். தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க டொக்டர் சில கேள்விகள் கேட்டுவிட்டு விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்தபிறகு சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தான், வெளிச்சத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டான்.

"இஞ்சேருங்கோ, பிள்ளை திரும்பவும் சத்தி எடுக்கிறான். ஆஸ்பத்திரியில காட்டுவமே?" என்றாள் என் மனைவி றோசலின்.

"ஊர்க் கண் முழுக்க அவனில. உது நாவூறு. மிளகாயைச் சுத்திப் போடு" என்றேன்.

புகை மணி அலறாமல் இருக்க நானே கதிரையில் ஏறி பற்றரியைக் கழற்றிக் கொடுத்தேன். மிளகாய் எரிந்தும் ஒருவருக்கும் பெரிதாக இருமல் வரவில்லை. நாவூறுதான் என்று அவளுக்குத் திருப்தி. நானும் நம்பினேனா என்று கேட்கிறீர்கள். அவள் நம்பினாள். ஆஸ்பத்திரிப் பேச்சு அதோடு நின்றது.

எங்கள் வீட்டில் மாலையில் செபமாலை தவறாது. நான் முன்பாதி சொல்ல, பிள்ளைகள் பின்பாதி சொல்வார்கள். ஜூலியஸுக்குத் தமிழ் வந்ததே அப்படித்தான். தூக்கம் வழிந்தாலும் என் குரல் நின்ற இடத்தில் அவன் குரல் தொடங்கிவிடும்.

கடைசி ஆட்டத்தில் மூன்றாம் பகுதி. இரண்டு பேர் சேர்ந்து அவனை விழுத்தினார்கள். எழுந்தவன் எதிரணியின் வாங்கை நோக்கி நடந்தான். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

டொக்டர் அவனை எங்கள் பக்க வாங்கில் இருத்தி, முன்னால் முழங்காலிட்டார். அதே கேள்விகள்தான் கேட்பார் என்று எனக்குத் தெரியும். இப்போது ஆட்டத்தில் எந்தப் பகுதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன கிழமை யாரோடு ஆடினீர்கள், வென்றீர்களா. மாற்றுப் பையன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய தகப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

நான் வாங்குக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, செபமாலை இராகத்தில் தொடங்கினேன்.

"மூண்டாவது பகுதி, மகனே... கடைசியா எடுத்தது மற்றப் பக்கத்தார்... போன கிழமை ஹமில்டன்காரர்... நாங்கள் வெண்டனாங்கள்..."

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. நான் நிறுத்த, அவன் ஆங்கிலத்தில் சொன்னான். பின்பாதி சொல்கிற அதே குரல். டொக்டர் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்; ஒரு தகப்பன் செபம் சொல்கிறான் என்று மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல பெண். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

அவன் உள்ளே போனான். எறிந்தான். அப்படியொரு எறியை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஒலிபெருக்கி "கஸ்பர், கஸ்பர்" என்று கத்தியது. அடுத்த மோதல் பெரியதுகூட இல்லை, தோளில் தட்டியதுபோலத்தான். அவன் எழும்பவில்லை.

உங்களிடம் சொன்னது யார் என்று பல நாட்கள் யோசித்தேன். அந்தத் தகப்பன் என்று நினைத்தேன், ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. றோசலினையும் சந்தேகித்தேன், பாவம். கடைசியில் என் மகள் ஏஞ்சலாவே வந்து நின்றாள். சாதனையைப் படம் பிடிக்க அன்று போனோடு என் பக்கத்தில் நின்றவள்.

"அப்பா, வீடியோவைத் திருப்பிக் கேட்டனான். அது பிரேயர் இல்லை. யூ கேவ் ஹிம் தி ஆன்சர்ஸ்."

"நான் அவனுக்கு உதவி செய்தனான், பிள்ளை" என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஆம், அவனுக்கு மூளை கலங்கியது தெரிந்தே உள்ளே அனுப்பினேன். அது அவனுடைய சாதனை; அவனுக்காகச் செய்தது.

இப்போது ஆஸ்பத்திரியில் அவனருகில் உட்கார எனக்கு அனுமதி இல்லை. நேற்று கதவோரம்தான் நின்றேன், வாயே திறக்கவில்லை. சிகிச்சை தருகிற பெண் அவனுடைய பெயரைக் கேட்டாள். வெகுநேரம் யோசித்தான். ஜூலியஸ் என்பது அவனுக்கு வரவேயில்லை. பிறகு "கஸ்பர்" என்றான்.

அவள் பிழை என்று குறித்துக்கொண்டாள். தயவுசெய்து அதைத் திருத்தச் சொல்லுங்கள். என் மகன் சரியாகத்தான் சொன்னான்.