நாய்க்கு ரெண்டு பக்கம்

— எந்தப் பக்கம்னு ஞாபகமில்ல. சரியாத்தான் படிச்சேனான்னே இப்ப சந்தேகமா இருக்கு.

— அதுக்காக ஏங்க இப்படிப் புரட்டு புரட்டுன்னு புரட்டுறீங்க? ரயில்ல ஏறினதுலேருந்து அந்தத் தளபதி கதைதான். என் மூஞ்சிய ஒரு தடவையாவது பாத்தீங்களா?

— கல்யாணம் ஆனதுலேருந்து பாக்கிறேனே.

— அதான், புக்கு புதுசாக்கும்.

— இரு... இதோ. "தளபதியின் உத்தரவுப்படி பாலம் தகர்க்கப்பட்டது. அக்கரையில் நின்ற காவல் பிரிவு திரும்பவில்லை."

— அவர் ஆளுங்களா? அவங்க அந்தப் பக்கம் நிக்கும்போதேவா?

— ம்.

— அப்புறம்?

— அப்புறம் ஒண்ணுமில்ல. அடுத்த வரியிலேருந்து அவர் வளர்த்த நாய். ரெண்டு பக்கம். என்ன தின்னுச்சு, எங்க படுத்துச்சு...

— நாய் என்னங்க பண்ணும், பாவம்.

— எழுதினவன் நாய்க்குப் பேர் போட்டிருக்கான். அக்கரையில நின்னவன் ஒருத்தனுக்குக்கூடப் பேர் இல்ல. ராணுவ முகாம் வாசல்ல கடை போட்டு எத்தனை சட்டைக்குப் பேர் தைச்சிருப்பேன்! ஒரு எழுத்து கோணினாலும் பிரிச்சுட்டுத் திரும்பத் தைப்பேன்.

— நம்ம பையன் சட்டைக்கு மூணு தடவை பிரிச்சீங்க. பொறந்தப்பவே அவனுக்குத் தளபதின்னு செல்லப் பேர் வெச்ச ஆளாச்சே.

— அந்தத் தளபதிதான் பயிற்சிய விட்டு ஓடிவந்து என் தங்கச்சி வீட்டுல ஒளிஞ்சிருக்கான்.

— மெதுவா பேசுங்க. எதிர் சீட்டுக்காரர் முழிச்சுக்கப் போறார்.

— முழிக்கட்டும்.

— நாம கூட்டிட்டுப் போய் விட்டா... அவன என்ன பண்ணுவாங்க?

— கொஞ்ச நாள் அடைச்சு வெச்சுட்டுச் சேத்துக்குவாங்க. அதிகாரிகிட்ட பேசிட்டேன். நாளைக் காலையில அவன் முகாம் வாசல்ல நிக்கணும். தவறினா கேஸ், ஜெயில்.

— எல்லாம் பேசி முடிச்சாச்சுல்ல? அப்ப ஏன் உக்கார முடியாம தவிக்கிறீங்க? கதவுக்கும் சீட்டுக்கும் நடையா நடக்கிறீங்க.

— காத்து வாங்கப் போனேன்.

— காத்து வாங்க எதுக்குப் பையோட போனீங்க?

— அவன் முகாம்ல கழட்டிப் போட்டுட்டு வந்த சட்டை, அதிகாரி குடுத்தது, உள்ள இருக்கு. அதப் போட்டுத்தான அவனக் கூட்டிட்டுப் போகணும். திருட்டுப் போயிட்டா?

— ஆமா, ராஜா வீட்டுப் பட்டு! ...விரல்ல என்ன, நூலா?

— தையக்காரன் விரல்ல வேற என்ன இருக்கும்?

— கடை பூட்டி ரெண்டு நாளாச்சு.

— விடேன்.

— ஏங்க...

— சொல்லு.

— கத்தக் கூடாது.

— கத்தல, சொல்லு.

— அவன் அங்க இல்ல. நீங்க கதவுகிட்ட போனப்ப போன் பண்ணினேன். அப்பா வராரு, கிளம்பிடுன்னு சொல்லிட்டேன். எங்க போறான்னு கேக்கல. கேட்டிருந்தா உங்ககிட்ட மறைக்க எனக்குத் தெம்பு இருக்காது. திட்டிடுங்க. இப்படிப் பையையே தடவிக்கிட்டு இருக்காதீங்க. சரி, உங்க தங்கச்சி வீட்டுலயாவது போய் உக்காருவோம். அவ ஸ்டேஷன் எப்ப வரும்?

— அது போய் ரொம்ப நேரமாச்சு. கதவுகிட்ட நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன், இறங்கக் கால் வரல. சட்டை பையில இருக்கு. பேரைப் பிரிச்சிட்டேன்.