இருமல் இல்லாத இசைத்தட்டு

மெட்ராஸ் ரயிலில் எனக்கு எதிரே, திருப்பூரில் ஏறிய ஒருவர் மடியில் இசைத்தட்டோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

“பாட்டு நல்லாத்தானுங்க இருக்குது. இருமலைத்தான் காணோம்.”

“இருமலுங்களா?”

“என்ற சம்சாரம் பாடுனதுங்க. பஞ்சு மில்லுல வேலை செஞ்சவ, பாட்டு நடுவால இருமிப்போட்டா. தட்டுப் போடறவங்க டேப்புல அந்த எடத்தை வெட்டிப்போட்டு ஒட்டிட்டாங்க.”

“நல்லதுதானுங்களே, கேக்கச் சுத்தமா இருக்குமில்லீங்க?”

“சுத்தமாத்தானுங்க இருக்குது. ஆனா வேற யாரோ பாடறாப்பல இருக்குதுங்க. ராத்திரியெல்லாம் அவ இருமறதக் கேட்டுட்டே தூங்குனவனுங்க நானு. அவ போனதுக்கப்புறம் ஊட்டுல சத்தமே இல்லீங்க.”

வண்டி ஈரோட்டில் நின்றபோது பக்கத்தில் இருந்தவர் கேட்டார்:

“மெட்ராஸ்ல என்ன சோலிங்க?”

“வெட்டுன துண்டு இன்னும் கெடக்குதான்னு கேக்கலாமுன்னுங்க.”